பங்க் குழுவிலிருந்து தனி ஆம்பியன்ட் இசைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வயரிங் வேலை செய்கிறேன். இசையும் செய்கிறேன். பதினேழு வயதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் மூன்று பங்க் குழுக்களில் கிட்டார் வாசித்தேன். இப்போது தனியாக உட்கார்ந்து, தாளமும் பாடலும் இல்லாத நீளமான மின்னணு இசையைச் செய்கிறேன். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லும் பதில் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆம்பியன்ட் இசை என்றால் என்ன?

ஓர் அறையில் ஊதுபத்தி ஏற்றி வைத்தால் மணம் எப்படிப் பரவி நிற்கிறதோ, அப்படிப் பரவி நிற்கும் இசை. பல்லவி, சரணம், உச்சம் என்று எங்கும் ஓடாது. காது கொடுத்தும் கேட்கலாம், வேலை செய்துகொண்டே அதற்குள் இருக்கவும் செய்யலாம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி 1917ஆம் ஆண்டிலேயே, வீட்டு நாற்காலி மேசை போல அறையில் சும்மா இருக்கும் இசை என்ற யோசனையைச் சொன்னார். ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைக்க வைத்தவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. 1975இல் ஒரு விபத்துக்குப் பின் அவர் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த தோழி ஓர் இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் போனார். ஒலி மிகவும் தணிந்திருந்தது. எழுந்து கூட்டி வைக்க உடம்பில் தெம்பு இல்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே இசை அங்கங்கே மட்டும் தலைகாட்டியது. அப்படிக் கேட்டதிலிருந்து இசையைப் பற்றிய அவருடைய எண்ணமே மாறியது என்று அவரே எழுதியிருக்கிறார். 1978இல் விமான நிலையங்களுக்கான இசை என்று ஒரு தட்டு வெளியிட்டார். இந்த வகைக்கு அதிலிருந்துதான் பெயர் பரவியது.

பங்க் என்றால்?

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய வேகமான, முரட்டு ராக் இசை. பாட்டு இரண்டு நிமிடம், அதில் கார்ட் (சேர்த்து ஒலிக்கும் சுரக்கட்டு) மூன்று நான்கு. வாசிக்கத் தெரிந்த பிறகு மேடை ஏறுவோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. மலேசியாவில் 1990களில் கோலாலம்பூரின் கார்புரேட்டர் டங் போன்ற குழுக்கள் எங்களுக்கு முன்னால் வழி போட்டவை. பாட்டு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எங்கள் குழுவில் தமிழர் இருவர், மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர். போஸ்டரை நாங்களே வரைந்து, போட்டோஸ்டாட் எடுத்து, ஈப்போ பேருந்து நிலையத்தில் ஒட்டுவோம். கேசட்டை நாங்களே நகல் எடுத்து விற்போம். கோலாலம்பூரில் வாசித்துவிட்டு, புடுராயாவில் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு, கிட்டாரைத் தலைக்கு வைத்துப் படுத்த இரவுகள் உண்டு.

ஏன் விட்டீர்கள்? குழுவில் சண்டையா?

சண்டை இல்லை. காது.

85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டும் ஜாம்மிங் அறையில், ஜன்னல் இல்லாத நான்கு சுவருக்குள், டிரம்ஸுக்கு இரண்டடி தள்ளி நின்று வாரத்துக்கு இரு முறை இரண்டு மணி நேரம் வாசித்தோம். காதடைப்பான் போட்டால் கோழை என்று நினைத்த வயது. உள்காதில் ஒலியை வாங்கும் மயிர் செல்கள் ஒரு முறை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இது முப்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வலது காதில் சன்னமாக ஒரு விசில். பகலில் தெரியாது, படுத்தால் அதுதான் பெரிதாகக் கேட்கும். முழு அமைதியில் படுக்காதீர்கள், காற்றாடி சத்தமோ மழைச் சத்தமோ தணிவாக ஓடட்டும், காதுக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்று கிடைக்கும் என்று டாக்டர் சொன்னார். முதலில் மேசைக் காற்றாடி. பிறகு தகரக் கூரை மழையைப் பதிந்து போட்டேன். ஒரு நாள் கிட்டாரில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து அந்த மழைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து அதையே திரும்பக் கேட்டேன். தூங்குவதற்காகச் செய்ததை விழித்திருந்து கேட்கப் பிடித்துப்போனது. தொடக்கம் அதுதான்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: குழுவில் வாசிக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே காதடைப்பான் வாங்குங்கள். கோயில் உறுமி மேளக் குழுவில் அடிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் பங்க்கை உதறிவிட்டீர்களா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பங்க் கிட்டாரின் அடிப்படை பவர் கார்ட். அதில் இருப்பது இரண்டே சுரம். நம் கணக்கில் சொன்னால் ச, ப. அது மங்களமா சோகமா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது அந்த இரண்டுதான். தம்புராவில் மீட்டுவதும் அதே ச, அதே ப. சுருதிப் பெட்டியும் அதைத்தான் ஊதுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த இரண்டு சுரத்தையும் நொடிக்கு ஆறு முறை வெட்டி வெட்டி அடித்தேன். இப்போது வெட்டாமல் பத்து நிமிடம் பிடித்து வைக்கிறேன். கை வேறு எங்கும் போகவில்லை.

பழைய டிஸ்டார்ஷன் பெடலும் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒலியை அதில் கரகரப்பாக்கி, அப்புறம் நீண்ட எதிரொலிக்குள் அனுப்பினால், முள்ளெல்லாம் கரைந்து தூரத்தில் ஒரு ரைஸ்மில் ஓடுவதுபோல் வரும்.

இந்தப் பாதையில் போனவன் நான் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் நேபாம் டெத் குழுவில் மின்னல் வேகத்தில் டிரம்ஸ் அடித்த மிக் ஹாரிஸ், 1991இல் அதை விட்டு விலகினார். லல் என்ற பெயரில் அவர் தனியாகச் செய்த இசையில் டிரம்ஸே இல்லாத இருண்ட ஒலிதான் இருக்கும். மின்னணு இசைக்காரர் மோபி சின்ன வயதில் வாட்டிகன் கமாண்டோஸ் என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவில் கிட்டார் வாசித்தவர். லண்டன் பங்க் குழுவான வயரின் புரூஸ் கில்பர்ட்டும் கிரகாம் லூயிஸும் 1980இல் டோம் என்று ஒலிச் சோதனைகளில் இறங்கினார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஈனோ விமான நிலைய இசையை வெளியிட்ட அதே 1978இல்தான், நியூயார்க்கின் மிகக் கரடுமுரடான பங்க் வழிக் குழுக்கள் நான்கைப் பதிவு செய்து ஒரு தொகுப்பாகவும் வெளியிட்டார். ஒரே ஆண்டு, ஒரே ஆள். இரண்டையும் எதிரெதிர்க் கரையாகப் பார்ப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எதையும் கேட்டு வாங்காமல் இருப்பதை வைத்து நாமே செய்துகொள்வது என்ற பழக்கமும் பங்க்கில் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதிதும் இல்லை. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், இந்த ஊரைச் சேர்ந்தவரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் மாதம் 10 வெள்ளி (எங்கள் நாட்டுப் பணம்) சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களையே வாங்கினார். என் பாட்டி அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர். போட்டோஸ்டாட் போஸ்டர் ஒட்டிய நாட்களில் எனக்கு இந்தத் தொடர்பு தோன்றவில்லை. இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

தம்பி, இதில் பாட்டு எங்கே?

பெரியவர்கள் கேட்பது. பாட்டு இல்லை ஐயா. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேளதாளம் எல்லாம் ஒரு பக்கம் நடக்கும், அவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் பார்க்க மாட்டார்கள், அவர் நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்புவார்கள். நான் அந்த ஒத்தை முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். அவ்வளவுதான்.

மங்கில் பால் சொட்டும் ஒலியை வைத்து இசை செய்தீர்களாமே?

ஆமாம். மங்கு என்றால் ரப்பர் மரத்தில் வழியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்மா முப்பது வருடம் பால் வெட்டினார். நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது எல்லாம் செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. ஊருக்கு வெளியே தெரிந்தவர் ஒருவருக்குச் சின்ன ரப்பர் தோட்டம் இருக்கிறது, இன்னும் வெட்டுகிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பட்டைக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் நிரை பிடித்து நடந்தார். நேற்றைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நாடா உரிப்பதுபோல் இழுத்தார். அதற்கே ஒரு தனிச் சத்தம் உண்டு, ஈரத் துணியைக் கிழிப்பதுபோல. பிறகு கத்தி பட்டையில் சரிவாக இறங்கியது. பால் கோட்டோடு வழிந்து, தகர நாக்கின் நுனியில் நின்று, மங்கில் விழுந்தது.

மங்கின் வெளிப்பக்கம் ஒரு பியசோ தட்டை ஒட்டியிருந்தேன். காசு அகலத்தில் பித்தளை வட்டம், மின்சாமான் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். அது காற்றில் வரும் ஒலியை எடுக்காது, தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வைத்தான் எடுக்கும். முதல் சொட்டுகள் காலி மங்கில் கணீரென்று விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அடி மறைந்ததும் ஒலி மங்கியது. பால் மேல் பால் விழும் சத்தம், தூங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல். மணி ஏற ஏறச் சொட்டுக்குச் சொட்டு இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் கம்ப்யூட்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து கட்ட முயன்ற கால அளவு, அங்கே மரத்தில் தானாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை அம்மா காதில் வைத்தேன். எதைப் பதிந்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு நொடி கேட்டார்.

"மங்குல பால் விழுது. இன்னும் அடி நெறயல."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். இடையில் ஒரு முறை மட்டும், "இது நல்ல மரம்" என்றார்.

அந்தப் பதிவை நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினால் சுருதி இரண்டு ஸ்தாயி கீழே இறங்கும். ஒவ்வொரு சொட்டும் உறுமியின் இடது பக்கத்தைத் தேய்க்கும்போது வரும் விம்மல் மாதிரி ஆகிவிடுகிறது. அதன் அடியில் கிட்டாரின் ச, ப. இருபத்திரண்டு நிமிடம். இதுவரை செய்ததில் இதை மட்டும்தான் திரும்பத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

வேறென்ன கருவிகள்?

கிட்டார், எதிரொலி தரும் டிலே பெடல், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர், கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, பழைய லேப்டாப். அப்புறம் கேசட். ஒரு கேசட்டைத் திறந்து, உள்ளே ஒரு சிறு துண்டு நாடாவை மட்டும் வளையமாக ஒட்டி வைத்தால் அது முடிவில்லாமல் சுற்றும். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஐந்து நொடி வேண்டுமென்றால் 24 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்ட வேண்டும். ஒட்டுமிடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னத் தடக் வரும். முதலில் அதை நீக்கப் பார்த்தேன், இப்போது விட்டுவிடுகிறேன்.

வளையங்களின் நீளத்தில்தான் வித்தை இருக்கிறது. ஒன்று 23 நொடி, இன்னொன்று 29 நொடி என்று லூப்பரில் வைத்துச் சேர்ந்து ஓடவிட்டால், இரண்டும் தொடங்கிய நிலைக்குத் திரும்பிவர 667 நொடி ஆகும். பதினோரு நிமிடத்துக்கு மேல். இரண்டே சின்னத் துண்டுகள், அத்தனை நேரமும் சேர்க்கை மாறிக்கொண்டே இருக்கும். ஈனோவும் இதே கணக்கில்தான் வேலை செய்தார். தாளக் கணக்கு பழகிய மிருதங்கக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும்.

மழைச் சத்தம் போட்ட இசை தூங்குவதற்கு நல்லதாமே?

எனக்கு உதவியது என்று மேலேயே சொன்னேன். தூக்கத்துக்குப் போட்டுக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. அந்த மழைப் பதிவை அம்மாவிடம் முதலில் போட்டுக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. விடியற்காலை மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். வேலை இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. மூன்று மணிக்குத் தகரத்தில் தூறல் விழத் தொடங்கினால், லயத்தில் பெரியவர்கள் எல்லோரும் இருட்டில் விழித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடிக்குமா அடிக்காதா என்று காது வெளியே இருக்கும். பிள்ளைகளான நாங்கள் மட்டும் போர்வைக்குள் சுகமாகத் தூங்கினோம். ஒரே மழை.

அதிலிருந்து மழையைச் சும்மா இனிமைக்காக நான் சேர்ப்பதில்லை. சேர்க்கும் இடங்களில் மிகத் தணிவாக ஒரு மணியொலியும் இருக்கும். கவனித்துக் கேட்பவர்களுக்கு அது கேட்கும்.

குழு இல்லாமல் தனியாக வாசிப்பது கஷ்டமாக இல்லையா?

இருக்கிறது. நான்கு பேர் ஒன்றாக ஓர் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்ப ஒன்றாக இறங்கும் அந்த நொடிக்கு ஈடு இல்லை. எங்கள் டிரம்ஸ்காரர் தோளை உயர்த்தினால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். லூப்பருக்குத் தோள் இல்லை. அவர்கள் மூவரும் இன்றும் நண்பர்கள். புதிதாக எதையாவது முடித்தால் முதலில் அவர்களுக்குத்தான் அனுப்புகிறேன்.

தோட்டத்து ஊரில் இதற்கெல்லாம் கேட்க ஆள் இருக்கிறார்களா?

குறைவு. ஆனால் இந்த ஊர்களுக்கு ஒலி தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. வெயிலில் ரப்பர் காய் வெடித்து விதை சிதறும் சத்தத்தை வைத்தே நேரத்தைக் கழித்தவர்கள் நாங்கள். பேராக்கின் சிறு பட்டணங்களில் சாயங்காலம் கடைத்தெருவில் நின்று மேலே பாருங்கள். கடைவீடுகளின் மேல்மாடிகளில் கூடு கட்டும் உழவாரன் குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை நாள் முழுக்க ஓடவிடுகிறார்கள். நிஜக் குருவி எது, ஸ்பீக்கர் குருவி எது என்று பிரிக்க முடியாது. அதற்கு மேல் பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, ரயில் ஹாரன். மின்னணு ஆம்பியன்ட் இசை எங்கள் தெருவில் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு முறை நண்பர் வீட்டு அஞ்சடியில் (முன்பக்கத் தாழ்வாரத்தில்) இருபது பேருக்கு வாசித்தேன். பாதிப் பேர் உறவுக்காரர்கள். பதினைந்தாவது நிமிடத்தில் ஓர் அக்கா எழுந்துபோய்ச் சுவர்க் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த வெக்கையிலும் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

காசு வருமா?

வராது. வயரிங் வேலைதான் சோறு போடுகிறது.

நானும் தொடங்க வேண்டும். எவ்வளவு செலவாகும்?

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற மென்பொருளை இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு சத்தத்தை, உதாரணத்துக்கு ஆட்டுக்கல்லையோ பிரஷர் குக்கரையோ, ஒரு நிமிடம் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். முதல் ஒரு மாதத்துக்கு அது போதும். வெள்ளி ஒன்றும் செலவில்லை.

பியசோ வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அதை நேராக மிக்ஸரில் சொருகினால் ஒலி தகரமாக, அடிச்சுரமே இல்லாமல் வரும். கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீட்டிலோ, கிட்டார் பெடல் வழியாகவோ கொடுங்கள். இது தெரியாமல் நான் நான்கு தட்டுகளைக் கெட்டுப்போனவை என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன்.

உங்களோடு ஒலிப்பதிவுக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். தீம்பாருக்கு (ரப்பர் காட்டுக்கு) போகும் நாள் முதல் நாள் இரவுதான் முடிவாகும், வானத்தைப் பார்த்து. ஐந்து மணிக்குப் பசியாறிவிட்டுக் கிளம்பிவிடுவோம். முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கொசு எண்ணெய் கட்டாயம். உரசினால் சரசரக்கும் பிளாஸ்டிக் ரெயின்கோட் வேண்டாம், பதிவு முழுக்க அதுதான் கேட்கும். வெட்டுபவர் வேலையில் இருப்பார். அவர் நிரையில் குறுக்கே நடக்காதீர்கள், மங்கைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். பதிவுக் கருவியை ஓடவிட்ட பிறகு நாற்பது நிமிடம் யாரும் பேசக் கூடாது. அம்மாவும் சில நாள் வருவார். அவர் பேசினால் மட்டும் நிறுத்த மாட்டேன்.